மூன்றாவது மாடி ஹால்

நவம்பர் 14, திங்கள்

காலை 5.40க்குப் புறப்பட்டேன். ஏரிக்கரை வழியாக மூன்று சுற்று, 35 நிமிஷம். அறுபத்தொரு வயசுக்கு மோசமில்லை. முழங்கால் ஒத்துழைத்தது, தெருநாய்கள் ஒத்துழைக்கவில்லை.

ஐந்தாவது குறுக்குத் தெரு முனையில் புது அபார்ட்மென்ட் ஒன்று முடிந்து நிற்பதை இன்றுதான் பார்த்தேன். ஒன்றரை வருஷமாகப் பச்சை வலையைப் போர்த்திக்கொண்டு அங்கேதான் இருந்திருக்கிறது. நானும் தினம் அதைத் தாண்டித்தான் ஓடியிருக்கிறேன். வலையை எடுத்த பிறகுதான் கண்ணில் பட்டது. கீழே வண்டி நிறுத்த இடம், மேலே நான்கு மாடி, பால்கனிக்கெல்லாம் கண்ணாடித் தடுப்பு. வாசலில் ஒரு பேனர். மாடுலர் கிச்சன், சோலார், கேமரா என்று அடுக்கிவிட்டுக் கடைசியில் ‘ஸ்ட்ரெச்சர் போகும் லிஃப்ட்’ என்று போட்டிருந்தான்.

ஓடும்போது நடுவில் நிற்கக் கூடாது என்று முப்பத்துநாலு வருஷம் பையன்களை விரட்டிய பி.டி. மாஸ்டர் நான். அந்தப் பேனர் முன்னால் இரண்டு நிமிஷம் நின்றுவிட்டேன். வியர்வையே ஆறிவிட்டது.

வீட்டுக்கு வந்து மங்கைக்குக் கஞ்சி கொடுத்தேன். பாதி குடித்தாள். "நீங்க குடிங்க, ஓடிட்டு வந்திருக்கீங்க" என்று மீதியை என்னிடமே தள்ளிவிட்டாள்.

நவம்பர் 15, செவ்வாய்

மழை. ஓடவில்லை. மங்கைக்கு வலி மாத்திரை ஒன்றிலிருந்து இரண்டாகிவிட்டது.

நவம்பர் 17, வியாழன்

வீட்டுக்காரர் உலகநாதன் மாடியிலிருந்து இறங்கி வந்தார். கார்த்திகை முதல் நாள் என்று நெற்றி நிறைய விபூதி. மனுஷனுக்குத் தோள் எப்போதும் முன்னால் விழுந்திருக்கும். என் வரிசையில் நின்றிருந்தால் முதுகில் ஒன்று போட்டு நிமிர்த்தியிருப்பேன்.

"மாஸ்டர், தை பொறந்தா பொண்ணுக்குக் கல்யாணம். வீட்டை வெள்ளையடிக்கணும். இந்த மாசத்துக்குள்ள காலி பண்ணிக் குடுத்துட்டீங்கன்னா நல்லா இருக்கும். மார்கழி வந்துட்டா நீங்களும் குடிபோக மாட்டீங்க."

"வெள்ளையடிக்கிறதுக்கு ஆளையா காலி பண்ணுவாங்க? சாமானை நகத்தித் தரேன், அடிச்சுக்குங்க."

அவர் உள் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். மங்கை படுத்திருந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"டாக்டர் சொன்னதெல்லாம் வீட்ல காதுல விழுந்துச்சு. தப்பா எடுத்துக்காதீங்க. நாள் நட்சத்திரம் நம்ம கையில இல்ல. அவிட்டம், சதயம்னு அந்த அஞ்சு நட்சத்திரத்துல ஒண்ணு அமைஞ்சுட்டா அடைப்புன்னு சொல்லி ஆறு மாசம் வீட்டைப் பூட்டிப் போடணும். கல்யாண வீடு மாஸ்டர்."

உயிரோடு இருக்கிறவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நட்சத்திரம் பார்க்கிறான் இவன். பதினோரு வருஷம் இவன் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தால்கூட மிளகு ரசம் வைத்து மாடிக்கு அனுப்பியவள் மங்கை. கத்திவிட்டேன். தெருவே கேட்டிருக்கும். உள்ளேயிருந்து மங்கையின் குரல் வந்தது.

"சரின்னு சொல்லுங்களேன். எதுக்குத் தொண்டையைக் கிழிச்சுக்கறீங்க?"

டாக்டர் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை. இது எனக்காக எழுதுவது, எனக்குத்தான் தெரியுமே.

நவம்பர் 18, வெள்ளி

இரண்டு சுற்றுதான். மனசு ஓடவில்லை.

பின் போர்ஷன் கோதண்டம் நினைவுக்கு வந்தான். இரண்டு வருஷத்துக்கு முந்தி ஆஸ்பத்திரியில் போனவன். உடம்பை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று இதே உலகநாதன் கேட்டைச் சாத்திவிட்டார். ஆம்புலன்ஸ் தெருவில் நின்றது. தூறல் வேறு. பெண்டாட்டி வண்டிப் படியில் ஏறி நின்று முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான். வந்தவர்கள் குடையோடு தெருவில் நின்றுவிட்டுக் கலைந்தார்கள். நான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. வாடகை வீடு, நமக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் மங்கை சொன்னது: "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஹால்ல கிடத்துங்க. அரை நாளாவது இருக்கணும். வர்றவங்க உக்காந்து அழட்டும். நான் இருபத்தெட்டு வருஷம் சத்துணவுல எத்தனை புள்ளைங்களுக்குச் சோறு போட்டிருக்கேன், நாலு பேராவது வர மாட்டாங்களா?"

அவள் கேட்டது வாழ்க்கையில் அது ஒன்றுதான். நகை கேட்டதில்லை, ஊர் சுற்றக் கேட்டதில்லை. பிள்ளை இல்லை என்றுகூட என்னிடம் ஒருநாளும் குறைப்பட்டதில்லை.

புது வீட்டில் காற்று நன்றாக வரும். அதற்காகத்தான் பார்க்கப் போகிறேன்.

நவம்பர் 20, ஞாயிறு

அந்த அபார்ட்மென்டில் மூன்றாவது மாடி வாடகைக்கு இருக்கிறது. சொந்தக்காரி ரேணுகாதேவி, ஓசூரில் வேலை. கிரகப்பிரவேசம் செய்து பூட்டி வைத்திருக்கிறாள். நல்ல பெண். சாவியை அசோசியேஷன் செக்ரட்டரி எத்திராஜிடம் வாங்கிக்கொண்டு அவரோடு ஏறினேன்.

லிஃப்டை அடியால் அளந்தேன், ஏழடிக்குக் கொஞ்சம் கூட. ஹால் வடக்குத் தெற்காகப் பதினெட்டு அடி. தெற்கே தலை வைத்தாலும் இரண்டு பக்கமும் முப்பது பேர் தாராளமாக உட்காரலாம். வாசல் கதவு இரட்டைக் கதவு.

"சோபா பெருசா இருக்குங்களா சார்?" என்று எத்திராஜ் கேட்டார்.

"ஆமா, பெருசு" என்றேன். எங்கள் வீட்டில் சோபாவே கிடையாது.

ரேணுகாதேவி போனில் கேட்டாள், "ஆன்ட்டிக்கு உடம்பு சரியில்லன்னாங்களே சார்?"

"கீழ விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சிடுச்சும்மா. மூணு மாசம் படுக்கை. அப்புறம் எழுந்து நடப்பா."

சொல்லும்போது நாக்கு குழறவில்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம். புது வீடு, அவள் வாங்கிய முதல் வீடு. அவளும் இன்னொரு உலகநாதன் ஆகமாட்டாள் என்று என்ன நிச்சயம்?

மங்கையிடம் சொன்னேன். சிரித்தாள். "இடுப்புன்னா சொன்னீங்க? அப்ப நான் விந்தி விந்தி நடக்கணுமே. நடக்க முடிஞ்சா நல்லா நடிச்சிருப்பேன்."

டிசம்பர் 9, வெள்ளி

குடிவந்தோம். மங்கையின் தங்கை செல்வராணி அரக்கோணத்திலிருந்து வந்து பால் காய்ச்சினாள். மங்கையை நாற்காலியில் உட்காரவைத்து நானும் ஓட்டுநரும் தூக்கிவந்தோம். ஆறு மாசத்துக்கு முந்தி அறுபத்தெட்டு கிலோ இருந்தவள். தூக்கியபோது ஓட்டுநர் என்னை ஒரு மாதிரி பார்த்தான். கனம் இல்லாததைக் கவனித்துவிட்டான் போல.

லிஃப்ட் கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு மங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேலே போய் ஹாலைப் பார்த்தாள், பால்கனியைப் பார்த்தாள், தூரத்தில் ஏரி தெரிகிறதைப் பார்த்தாள்.

"போதும்ங்க. நல்ல எடம்" என்றாள்.

பழைய வீட்டில் கிளம்பும்போது உலகநாதன் வாசல்வரை வந்து, "கோச்சுக்காதீங்க மாஸ்டர்" என்றார். நான் நாற்காலியைத் தூக்கக் குனிந்தேன். மங்கைதான், "கல்யாணத்தை நல்லபடியா நடத்துங்க" என்றாள். அவளை என்ன செய்வது?

டிசம்பர் 13, செவ்வாய்

ஓடப் போகும்போது தலைமாட்டில் என் விசிலை வைத்துவிட்டுப் போகிறேன். வேண்டுமானால் ஊதச் சொல்லியிருக்கிறேன். ஓடாதே என்று சொல்லவேண்டியவள் இவள். ஆனால் நான் ஒருநாள் போகாவிட்டால், "என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு உக்காந்தா நீங்களும் படுத்துடுவீங்க, கிளம்புங்க" என்று விரட்டுகிறாள்.

இன்று நான் ஏரிக்கரையில் இருந்தபோது ஊதியிருக்கிறாள். தண்ணீர்ச் செம்பு கைக்கு எட்டவில்லையாம். நான் திரும்பி வரும்போது, பூட்டாமல் சாத்திவிட்டுப் போன கதவு திறந்திருந்தது. எதிர் வீட்டுப் பெண் மங்கையின் தலையைத் தாங்கித் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள். பெயர் தாரணி. ஏழாவது மாசமாம்.

"விசில் சத்தம் கேட்டுது அங்கிள். நான் யாரோ பஸ் கண்டக்டர்னு நெனச்சேன்" என்று சிரித்தாள்.

டிசம்பர் 14, புதன்

தாரணி வந்தாள். பகல் முழுக்கப் பேச்சு.

டிசம்பர் 20, செவ்வாய்

மூன்று சுற்று. வரும்போது சின்ன வெங்காயம் அரை கிலோ, பால் இரண்டு, பெரியவர்களுக்கான டயப்பர். கடைப் பையன் சத்தமாகக் கேட்டான், பெரிய சைஸா சின்ன சைஸா என்று. முன்பு பெரிய சைஸ் வாங்கினோம். இப்போது சின்னது.

தாரணியைப் பற்றி மங்கை சொன்னாள். கல்யாணமாகி ஆறு வருஷம். இதற்கு முன் இரண்டு நிற்கவில்லை. ஒன்று மூன்றாம் மாசம், ஒன்று ஐந்தாம் மாசம். இரண்டாவது போனது சொந்தத்தில் ஒரு சாவு வீட்டுக்குப் போய்வந்த வாரமாம். அதனால்தான் என்று மாமியார் இந்திராணி அம்மாள் இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாராம். அந்த அம்மாள் தாரணியை இப்போது கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறார், ஆனால் எதற்கெடுத்தாலும் பயம். பல்லி கத்தினால் பயம், பூனை வந்தால் பயம்.

"நம்ம விஷயம் தெரிஞ்சா அவளை இந்தப் பக்கம் விடவே மாட்டாங்க" என்றாள் மங்கை.

"உனக்கு இடுப்புதானே" என்றேன்.

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஆமாமா, இடுப்புதான்" என்றாள்.

ஜனவரி 1, ஞாயிறு

புது டைரி வாங்கவில்லை. இதிலேயே பக்கம் இருக்கிறது.

ஜனவரி 11, புதன்

வலிக்கு இப்போது தோலில் ஒட்டும் பட்டை. மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றவேண்டும். நர்ஸ் வந்து சொல்லிக்கொடுத்தாள். நான் கபடிப் பையன்களுக்கு எத்தனை கணுக்காலுக்குக் கட்டுப் போட்டிருப்பேன். இதில் ஒன்றைக் கோணலாக ஒட்டி வீணாக்கிவிட்டேன்.

தாரணிக்கு வளைகாப்பு 23ஆம் தேதி, திங்கட்கிழமை, ஒன்பதிலிருந்து பத்தரை நல்ல நேரம். வீட்டிலேயே செய்கிறார்கள், சாப்பாடு கீழே பார்க்கிங்கில். அன்றைக்கே காஞ்சிபுரத்துக்கு அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்களாம். வந்து அழைத்தாள்.

"ஆன்ட்டி, நீங்க வந்து எனக்கு வளையல் போடணும்."

"எப்படிம்மா வருவேன்? இடுப்பு."

"அப்ப நான் வரேன். முடிஞ்சதும் நேரா இங்க வந்து உங்க கையில வளையல் போட்டுட்டுத்தான் கார்ல ஏறுவேன். எழுதி வெச்சுக்குங்க."

எழுதி வைத்திருக்கிறேன்.

ஜனவரி 15, ஞாயிறு

பொங்கல் வைத்தேன். அடிப்பிடித்தது. மங்கை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டாள். செல்வராணி இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். போகும்போது லிஃப்ட் வாசலில், "மாமா, என்னை எப்ப வேணா கூப்பிடுங்க, எந்த நேரமானாலும்" என்றாள். உடனே பட்டனை அழுத்தினாள்.

ஜனவரி 20, வெள்ளி

ஓடவில்லை.

நேற்றிலிருந்து கஞ்சி இறங்கவில்லை. ஸ்பூனில் தண்ணீர் மட்டும். ஆனால் இன்று மத்தியானம் தெளிவாகப் பேசினாள். பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"திங்கக்கிழமை வரைக்கும் இழுத்துப் புடிச்சு இருந்துடுவேன்னு நெனச்சேன். முடியுமான்னு தெரியல."

"சும்மா கிட."

"கேளுங்க. அதுக்குள்ள ஆயிடுச்சுன்னா நீங்க வாயைத் திறக்கக் கூடாது. பந்தி முடிஞ்சு அந்தப் பொண்ணு கார்ல ஏறுற வரைக்கும். எதிர் வீட்ல சாவுன்னா வளைகாப்பு நின்னுடும். அதோட போகாது. நாளைக்கு அந்தக் குழந்தைக்குச் சளி புடிச்சாக்கூட இதைத்தான் சொல்வாங்க. அவளைக் கொன்னே போட்டுடுவாங்க பேசியே."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நான் எதுக்குடி இந்த வீட்டைப் புடிச்சேன்? எதுக்குப் பொய் சொன்னேன்? ஹாலை அடி அடியா அளந்து..."

சொல்லிவிட்டேன். இரண்டு மாசமாகச் சொல்லாததைச் சொல்லிவிட்டேன். அவள் முகத்தில் ஒரு ஆச்சரியமும் இல்லை.

"தெரியுமே. பெட்ரூம்ல கட்டிலைப் போட்டுட்டு ஹாலைக் காலியா வெச்சிருக்கீங்க, எனக்குத் தெரியாதா? ஹால் வேணும்னு நான்தான் கேட்டேன். இப்ப வேணாம்னு நானே சொல்றேன். சத்தியம் பண்ணுங்க."

பண்ணமாட்டேன் என்றேன். கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். அந்தக் கையை எவ்வளவு நேரம்தான் அந்தரத்தில் விட்டுவைப்பது? பிடித்துக்கொண்டேன்.

ஜனவரி 22, ஞாயிறு

மூச்சு விட்டு விட்டு வருகிறது. எதிர் வீட்டில் தோரணம் கட்டுகிறார்கள்.

ஜனவரி 23, திங்கள்

காலை 5.10.

ஜனவரி 24, செவ்வாய்

நேற்று நடந்ததை நேரப்படி எழுதுகிறேன். எழுதி வைக்காவிட்டால் வெளியில் சொன்னதை நானே நம்பிவிடுவேன்.

5.10க்கு அவள் போனாள். என் கையில்தான் தலை இருந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை, அடுத்த மூச்சு வருமென்று காத்திருந்தேன், வரவில்லை.

முகம் துடைத்தேன். வாயைக் கட்டினேன். அரக்குப் புடவையைச் சுற்றினேன். எனக்குக் கொசுவம் வைக்கத் தெரியாது, கோணலாகத்தான் வந்தது. நெற்றியில் குங்குமம் வைத்தேன். தூக்கிவந்து ஹாலில் பாய் விரித்துத் தெற்கே தலைவைத்துக் கிடத்தினேன். தலைமாட்டில் விளக்கேற்றினேன். பால்கனித் திரையை இழுத்துவிட்டேன்.

5.40க்கு ஷூ போட்டுக்கொண்டேன். மூன்று நாளாக நான் ஓடவில்லை. அக்காவுக்கு எப்படி இருக்கிறது என்று இந்திராணி அம்மாள் முந்தின நாளே இரண்டு தரம் கேட்டுவிட்டார். அன்றும் போகாவிட்டால் கதவைத் தட்டுவார். வெளியே வந்து கதவைப் பூட்டினேன். அவர் படிக்கட்டு முகப்பில் கலர் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா எப்படிங்க இருக்காங்க?"

"தூங்குறா. இன்னிக்குப் பரவால்ல."

"அப்படித்தான் நெனச்சேன், நீங்க ஓடக் கிளம்பிட்டீங்களே" என்றார்.

ஏரிக்கரையில் ஆள் இல்லாத இடத்தில் உட்கார்ந்து அழுதேன். வாய்விட்டு அழுதேன். யாரோ இரண்டு பேர் நடந்துவந்தார்கள், எழுந்து ஓட ஆரம்பித்துவிட்டேன். ஓடிக்கொண்டே அழுதால் மூச்சிரைப்பு என்றுதான் நினைப்பார்கள். மூன்று சுற்றும் முடித்தேன். நேரம் பார்க்கவில்லை.

திரும்பி வந்து கதவைத் தாழிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏழரைக்குச் செல்வராணி போன் செய்தாள், நல்லா இருக்கா என்றேன். எட்டு மணிக்கு எதிர் வீட்டில் ஸ்பீக்கரில் நாதஸ்வரம் போட்டார்கள். பெண்கள் சிரிப்பு, பிள்ளைகள் ஓடுகிற சத்தம், அப்புறம் வளையல் சத்தம். நல்ல நேரத்தில் யாரோ பாடினார்கள். ஆறு மணி நேரம் மங்கை ஹாலில் கிடந்தாள், அவள் கேட்ட அரை நாள். முப்பது பேருக்கு இடம் இருந்தது. நான் ஒருத்தன்தான் உட்கார்ந்திருந்தேன்.

11.10க்குத் தாரணி கதவைத் தட்டினாள். கை நிறைய வளையல், கன்னமெல்லாம் சந்தனம். ஒற்றைக் கதவை மட்டும் திறந்து அதை அடைத்துக்கொண்டு நின்றேன்.

"அங்கிள், ஆன்ட்டி முழிச்சிருக்காங்களா?"

"இப்பத்தான்மா கண்ணசந்தா."

"ஒரே நிமிஷம். கைல போட்டுட்டு ஓடிடறேன். சொன்னேன்ல?"

"வேணாம்மா. அசைச்சா வலிக்கும் அவளுக்கு."

முகம் வாடிவிட்டது. ஒரு டஜன் வளையலைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தாள். பச்சை ஆறு, சிவப்பு ஆறு. "முழிச்சதும் நீங்களே போட்டு விடுங்க. தாரணி குடுத்தான்னு சொல்லுங்க" என்றாள். அந்த வயிற்றோடு குனிந்து என் காலைத் தொடப் பார்த்தாள். பதறிப் பின்னால் நகர்ந்தேன். தீட்டு இருக்கிற ஆள் நான், அவள் என்னைத் தொடலாமா? இதையெல்லாம் நம்பாதவன் என்று இத்தனை வருஷம் பேசிக்கொண்டிருந்தேன். நகர்ந்துவிட்டேன்.

"நல்லா இருப்பே, போ. கார் நிக்குது" என்றேன்.

கதவைச் சாத்திவிட்டு மங்கையின் கையை எடுத்தேன். விறைத்துவிட்டிருந்தது. விரல்கள் மடங்கவில்லை. வெந்நீர் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். இரண்டு வளையல் உடைந்தது. விட்டுவிட்டேன்.

11.30க்குக் கார் கிளம்புவதைப் பால்கனித் திரை இடுக்கில் பார்த்தேன். தெரு முனை திரும்பியதும் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். இந்திராணி அம்மாள் வெற்றிலை மென்றுகொண்டே வந்தார்.

"மங்கை போயிட்டாம்மா."

"ஐயோ! எப்ப?"

தூக்கத்தில் போய்விட்டாள், நேரம் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்போ வளைகாப்புக்கு முன்னாலேயேவா என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வியை அந்தப் பெண் ஆயுசுக்கும் சுமக்கவேண்டும்.

"இப்பத்தான். கார் கிளம்பின சத்தம் கேட்டுச்சு, கண்ணைத் திறந்தா, போயிட்டா."

இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். "ஆத்தா காப்பாத்துனா. ஒரு அரை மணி முன்னாடி போயிருந்தா எம் மருமவ கதி என்ன ஆயிருக்கும்! புண்ணியவதிங்க உங்க சம்சாரம். எல்லாம் முடியட்டும்னு காத்திருந்து போயிருக்காங்க."

டாக்டர் வந்தார். தாடையைத் தொட்டார், முழங்கையை அசைத்துப் பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எத்தனை மணிக்கு?"

"பதினொன்றரை."

மறுபடியும் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குள் இந்திராணி அம்மாள் தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்துக்கொண்டு ஓடிவந்தார். திருவோணம் காலை 7.18 வரைதானாம். அதற்கப்புறம் அவிட்டம். அடைப்பு.

எத்திராஜ் கையைப் பிசைந்தார். "சார், அவிட்டம்னா வீட்டுக்குள்ள வெச்சிருக்கக் கூடாதுன்றாங்க. மத்த ஃப்ளாட்காரங்களும் பேசறாங்க. கீழ பார்க்கிங்ல வெச்சுடலாம், சீக்கிரமா எடுத்துடலாம்."

7.18. இரண்டு மணி எட்டு நிமிஷம் முன்னாலேயே போய்விட்டவள். பாயின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினேன்.

பார்க்கிங்கில் இரண்டு காருக்கு நடுவில் கிடத்தினார்கள். செல்வராணி இரண்டரைக்கு வந்தாள், "பதினொன்றரைக்கா மாமா? காலையில போன் பண்ணப்பக்கூட நல்லா இருக்கான்னீங்களே" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அவள் காலையில் பேசியது உண்மை. நல்லா இருக்கா என்று நான் சொன்னதும் உண்மை. சத்துணவில் சாப்பிட்ட பிள்ளைகள் எட்டுப் பேர் வந்தார்கள், எல்லாம் மீசை வைத்த ஆட்கள். நாற்காலிக்குக் குறைவில்லை. பந்திக்கு வாடகைக்கு எடுத்ததை இன்னும் திருப்பி அனுப்பவில்லை. நாலரைக்கு எடுத்தோம்.

ஜனவரி 27, வெள்ளி

ரேணுகாதேவி போன் செய்தாள். அழுதுகொண்டே பேசினாள். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

"சார், நான் என்ன பாவம் பண்ணேன்? நான் வாங்கின முதல் வீடு. ஆறு மாசம் பூட்டி வைக்கணுமாம், அப்புறமும் யார் சார் வருவாங்க? இடுப்புன்னுதானே சொன்னீங்க? சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா குடுத்திருப்பியாம்மா?"

பதினாறாம் நாள் முடிந்ததும் காலி செய்துவிடுகிறேன் என்றேன்.

ஒரு வார்த்தை சொன்னால் இவள் வீட்டுக்கு அடைப்பு இல்லை. 5.10 என்ற ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் மூன்றாவது மாடியிலேயே, எதிர்க் கதவுக்குள், பிணம் கிடக்க வளையல் போட்டார்கள் என்று ஆகும். இரண்டு பேரில் ஒருத்திக்குத்தான் நான் நல்லவனாக இருக்க முடியும். ரேணுகாதேவி, உனக்கு நான் அயோக்கியன்தான்.

பிப்ரவரி 4, சனி

வீடு பார்க்கப் போனேன், மாடம்பாக்கத்தில் ஒற்றை அறை. ஆள் தனி என்றதும் சொந்தக்காரன் மேலும் கீழும் பார்த்தான். "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்றான். ஓடிக் காட்டட்டுமா என்றேன். சிரித்துக்கொண்டே சாவியை எடுத்தான்.

பிப்ரவரி 8, புதன்

சாமான் ஏற்றியாகிவிட்டது. ரேணுகாதேவி சொன்னபடி எத்திராஜ் ஹாலில் ஒரு விளக்கு வைத்து வாசலைப் பூட்டினார். நான் லிஃப்டில் ஏறாமல் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. தாரணி.

இத்தனை நாள் அவளிடம் சொல்லவில்லையாம். நேற்றுத்தான் சொன்னார்களாம்.

"அங்கிள், நான் குடுத்த வளையலை ஆன்ட்டி போட்டுக்கிட்டாங்களா?"

படியில் உட்கார்ந்தேன். மீதி பத்தும் சட்டைப் பையில்தான் இருந்தது. சாமானோடு போனால் உடைந்துவிடும் என்று எடுத்து வைத்திருந்தேன்.

"போட்டுக்கிட்டாம்மா. நீ போனதும் முழிச்சா. நான்தான் போட்டுவிட்டேன்."

"ரெண்டு கையிலயுமா?"

"ரெண்டு கையிலயும். ஆட்டிப் பார்த்தா. சத்தம் நல்லா இருக்குன்னு சொன்னா."

அவள் அழ ஆரம்பித்தாள். அழாதேம்மா, குழந்தைக்கு ஆகாது என்றேன்.